பாதயாத்திரை போறீங்களா? ராத்திரி எங்கே படுப்பீங்க?

தை மாதம் பழனி, சித்திரையில் சமயபுரம், ஆவணியில் வேளாங்கண்ணி... எங்கள் உடையார்பாளையம் பக்கம் தெருவுக்கு நாலு பேராவது இப்படி ஏதாவது ஓர் ஊருக்கு வேண்டிக்கொண்டு நடந்தே போய் வந்தவர்களாக இருப்பார்கள். திருச்சி - சிதம்பரம் சாலை ஊர் வழியாகவே போகிறது. மஞ்சள் புடவையும் காவி வேட்டியுமாகக் கூட்டம் கூட்டமாக நடப்பவர்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வருகிறேன்.

கிளம்புவதற்கு முன்னால் சிலர் என்னிடம் வருவார்கள். ‘பாதத்துல கொப்புளம் வராம இருக்க ஏதாச்சும் தைலம் குடுங்க டாக்டர்...’, ‘கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சுக்குது, என்ன செய்யலாம்?’, ‘சர்க்கரை இருக்கு, நடக்கலாமா?’ எல்லாமே காலைப் பற்றிய கேள்விகள்தான்! ‘ராத்திரி எங்கே, எப்படிப் படுக்கணும்?’ என்று கேட்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

ஆனால் நாலைந்து நாள் நடைப் பயணத்தில் உடம்பு தேறுவதும் கெடுவதும் அந்த ராத்திரிப் படுக்கையில்தான். சில சமயம் உயிரே அதில்தான் இருக்கிறது. அதனால் இந்த முறை காலை விட்டுவிட்டுப் படுக்கையைப் பற்றிப் பேசுவோம்.

அடக்கக் கூடாத இரண்டு

சித்த மருத்துவத்தில் 14 வேகங்கள் என்று ஒரு கணக்கு உண்டு. தும்மல், கொட்டாவி, பசி, தாகம், சிறுநீர், மலம் என்று உடம்பு தானாகக் கேட்கிறவை இவை. இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது பாடம். அந்தப் 14-ல் நித்திரையும் இருக்கிறது, இளைப்பும் இருக்கிறது. பாதயாத்திரை போகிறவர் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் அடக்குகிறார்! பகலெல்லாம் நடந்த இளைப்பு; ராத்திரி கொசு, எறும்பு, ஈரம், கல்லு, லாரிச் சத்தம் என்று அரைகுறைத் தூக்கம்.

ஆங்கில மருத்துவமும் இதையேதான் வேறு வார்த்தையில் சொல்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது. நடந்து நைந்த தசைகள் பழுது பார்க்கப்படும் நேரம் அது. தூக்கம் கெட்டால் மறுநாள் கால் வலி கூடும், கவனம் சிதறும், கால் இடறும். நெடுஞ்சாலை ஓரத்தில் இருட்டில் நடப்பவருக்குக் கவனம் சிதறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தரையில் என்ன இருக்கிறது?

வழியில் கல்யாண மண்டபம், பள்ளிக்கூடத் தாழ்வாரம், கோயில் மண்டபம் கிடைத்தால் முதல் யோகம் அதுதான். கூட்டம் அதிகமாகிவிட்டால்? புளிய மரத்தடி, வயல் வரப்பு, முந்திரித் தோப்பு என்று துண்டை விரித்துப் படுத்துவிடுகிறார்கள்.

வெறுந்தரையில் எறும்பு, பூரான், தேள் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். புல், புதர் உள்ள இடத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒருவகைச் சிற்றுண்ணியும் உண்டு. அது கடித்தால் ‘ஸ்க்ரப் டைபஸ்’ என்ற காய்ச்சல் வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு தெரியலாம். கோயிலுக்குப் போய் வந்து பத்துப் பதினைந்து நாளுக்குள் விடாத காய்ச்சல் வந்தால், ‘தரையில் படுத்தேன்’ என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சரியான மாத்திரை கொடுத்தால் சீக்கிரமே குணமாகிற நோய். கவனிக்காமல் விட்டால் ஆபத்து.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து கட்டுவிரியன். கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள். பகலில் சாது போலச் சுருண்டு கிடக்கும். ராத்திரிதான் இரை தேடும். தரையில் தூங்குகிறவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. கொடுமை என்னவென்றால், கடித்த இடத்தில் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். தூங்குகிறவர் விழிப்பதே இல்லை!

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு விடியற்காலை, வயலோரம் படுத்திருந்த ஒரு யாத்திரைக்காரரை என்னிடம் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். ‘வயித்து வலி டாக்டர். ராத்திரி சாப்பிட்ட புளிசாதம் சேரல போலிருக்கு. ஓமத் தண்ணி ஏதாச்சும் குடுங்க’ என்றார்கள். அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டு இமையும் பாதிக்கு இறங்கியிருந்தன. ‘கண்ணை நல்லாத் தொறங்க’ என்றேன். ‘தொறந்துதாங்க இருக்கேன்’ என்றார்... நாக்கு குழறியது. ஓமத் தண்ணீர் கொடுக்கவில்லை. அப்படியே காரில் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். விஷமுறிவு ஊசியும் சில நாள் செயற்கை சுவாசமும் கொடுத்தபின் பிழைத்துக்கொண்டார்.

கட்டுவிரியன் விஷம் நரம்பையும் தசையையும் துண்டிக்கும். இமை இறங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு விடும் தசை நின்றுவிடும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் சராசரியாக வருஷத்துக்கு 58,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

தரையை விட்டு ஒன்றரை அடி

கட்டுவிரியனும் தேளும் தரையில் ஊர்கிறவை. அப்படியானால் நாம் தரையை விட்டுக் கொஞ்சம் மேலே போய்விட்டால்? வீட்டில் கட்டில் போட்டுக்கொள்ளலாம். வழிநடையில் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

இதற்கு நம் வீட்டுப் பெண்கள் எப்போதோ விடை கண்டுபிடித்துவிட்டார்கள். முந்திரி பொறுக்கப் போகிறவர்களும் களை எடுக்கப் போகிறவர்களும் மரக்கிளையில் பழைய சேலையைக் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு வேலை பார்ப்பார்கள். தூளி! சில ஊர்களில் ஏணை என்பார்கள். எறும்பு அண்டாது, காற்று கிடைக்கும், பிள்ளையும் அழாது.

இதே தூளியைப் பெரியவர்கள் படுக்கிற மாதிரி நீளமாகச் செய்தால் அதுதான் ‘ஹேமக்’. அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடி மக்களின் படுக்கை இது. 1492-ல் கொலம்பஸ் போய் இறங்கியபோது அந்த மக்கள் இதில் தூங்குவதைப் பார்த்தார். பிறகு கப்பல் மாலுமிகள் பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கு அமெரிக்காவில் அப்பலாச்சியன் பாதை என்று ஒன்று இருக்கிறது. 14 மாநிலங்கள் வழியாகச் சுமார் 3,500 கிலோமீட்டர் நீளும் மலைக்காட்டு நடைபாதை. முழுவதும் நடக்க ஐந்து முதல் ஏழு மாதம் ஆகும். அதில் நடப்பவர்களில் பலர் முதுகுப் பையில் ஒரு ஹேமக்கைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். தரை ஈரமா, சரிவா, கல்லும் வேருமா... கவலையில்லை! இரண்டு மரம் இருந்தால் படுக்கை தயார். இப்போது நம் ஊரிலும் பாராசூட் துணி மாதிரியான நைலானில் கிடைக்கிறது. ஒரு கிலோவுக்கும் குறைவான எடைதான்.

ஆட்டினால் ஏன் தூக்கம் வருகிறது?

ஆட்டினால் பிள்ளை தூங்கும் என்பது பாட்டிக்குத் தெரியும். ஏன் என்று ஜெனீவா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார்கள். 2011-ல் 12 பேரை நான்கு விநாடிக்கு ஒரு முறை மெதுவாக ஆடும் கட்டிலில் 45 நிமிஷம் பகலில் தூங்க வைத்தார்கள். ஆடாத கட்டிலைவிட இதில் சீக்கிரம் தூங்கினார்கள்; ஆழமாகவும் தூங்கினார்கள். 2019-ல் 18 பேரை ராத்திரி முழுக்கத் தூங்க வைத்துப் பார்த்தபோதும் ஆழ்ந்த தூக்கத்தின் நேரம் கூடியது. சிறிய ஆய்வுகள்தான். அதுவும் ஆடும் கட்டிலில் செய்தவை. ஆனாலும் தாலாட்டின் சங்கதி ஓரளவு புரிகிறது.

நடந்தவருக்கு இன்னொரு லாபமும் உண்டு. நாள் முழுக்க நடந்தால் நீர் இறங்கிப் பாதம் வீங்கும். தூளிப் படுக்கையில் கால் சற்று உயர்ந்திருப்பதால் அந்த வீக்கம் வடியும்.

எப்படிக் கட்டுவது?

இங்கேதான் கவனம் வேண்டும். தப்பாகக் கட்டினால் பாம்புக்குத் தப்பி முதுகெலும்பை உடைத்துக்கொள்ள நேரிடும்!

மரம்: தொடையை விடப் பருமனான, பச்சையாக உயிரோடிருக்கும் மரமாக இரண்டு பாருங்கள். இடையில் 12 முதல் 15 அடி தூரம் இருக்கட்டும். வேம்பு, புளி, புங்கன் நல்லவை. முருங்கை வேண்டவே வேண்டாம், சட்டென்று முறியும். தென்னை மரத்தடியில் காய் விழும், பனை மரத்தடியில் மட்டையும் பழமும் விழும். மேலே அண்ணாந்து பார்த்துப் பட்டுப்போன கிளை, தேன்கூடு, குளவிக்கூடு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். புளிய மரத்தடியில் ராத்திரி படுத்தால் பேய் அடிக்கும் என்பார்கள். திறந்த வெளியில் மரம் விடும் மூச்சு யாரையும் ஒன்றும் செய்யாது. பட்ட கிளை விழுந்தால்தான் அடிக்கும்!

கட்டக் கூடாதவை: மின்கம்பம், நின்றுகொண்டிருக்கும் லாரி, தனியாக நிற்கும் செங்கல் தூண். செங்கல் தூண் பார்க்க உறுதியாகத் தெரியும். பக்கவாட்டில் இழுத்தால் அப்படியே நம்மேல் சாயும்.

தொய்வு: ‘நல்லா இழுத்துக் கட்டினாத்தானே கெட்டி’ என்று நினைக்கிறோம். நேர்மாறு! கயிறு 30 டிகிரி சரிந்து தொய்வாக இருந்தால், 60 கிலோ எடையுள்ளவர் படுக்கும்போது ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் 60 கிலோ இழுவைதான் விழும். 10 டிகிரிக்கு விறைப்பாக இழுத்துக் கட்டினால் அதே ஆளுக்கு 170 கிலோவுக்கு மேல் போய்விடும்! கயிறு அறுபடுவதும் துணி கிழிவதும் இதனால்தான். எனவே மரத்தில் தலை உயரத்தில் கட்டி, நடுவில் வாழைப்பழம் போலத் தொங்கவிடுங்கள். நீங்கள் உட்கார்ந்தால் நாற்காலி உயரம், அதாவது ஒன்றரை அடி இருந்தால் போதும். அதற்கு மேல் உயரம் வேண்டாம். இரண்டு அங்குல அகலமுள்ள பட்டை நாடாவால் கட்டினால் மரப்பட்டையும் அறுபடாது.

துணி: பெரியவர்களுக்குப் பழைய சேலை, வேட்டி ஆகாது. நைந்த இழை நடுராத்திரியில் விட்டுவிடும். பத்து அடி நீளத்துக்குக் குறையாத புதுக் கெட்டித் துணி அல்லது கடையில் விற்கும் ஹேமக்தான் சரி. முதலில் கையால் அழுத்திப் பாருங்கள், பிறகு உட்கார்ந்து பாருங்கள், அப்புறம்தான் படுக்கை.

படுக்கும் விதம்: நேராக நீட்டிப் படுத்தால் முதுகு வில்லாக வளையும், காலையில் நிமிர முடியாது. தலையை ஒரு ஓரமாகவும் காலை எதிர் ஓரமாகவும் வைத்துக் கோணலாகப் படுங்கள். துணி விரிந்து முதுகு ஏறக்குறைய சமமாகும். முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது என்பது சித்த மருத்துவம் சொல்லும் முறை. கோணலாகப் படுத்தால் அதற்கும் ஓரளவு இடம் கிடைக்கும்.

குளிர்: தை மாதப் பயணத்தில் இதை மறக்காதீர்கள். அடியிலும் காற்று வீசுவதால் முதுகு சில்லிட்டுப்போகும். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் பயனில்லை. முதுகுக்கு அடியில் ஒரு ஜமக்காளம் விரித்துவிட்டுப் படுங்கள். தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

கொசு, எறும்பு, மழை: மெல்லிய துணியாக இருந்தால் கொசு அடியிலிருந்தே குத்தும். அதனால் சுற்றிலும் மூடுகிற வலை வேண்டும். பகல் தூக்கத்துக்கும் வலை போடுங்கள்; டெங்கு கொசு பகலில்தான் கடிக்கும். இரண்டு பக்கக் கயிற்றிலும் வேப்பெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றினால் எறும்பு இறங்கி வருவது குறையும். கயிற்றில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டால் மழைத் தண்ணீர் அதன் வழியாகச் சொட்டிவிடும், படுக்கைக்கு வராது. இடி மின்னல் என்றால் மரத்தடியே ஆகாது. உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

இடம்: சாலையிலிருந்து நன்றாகத் தள்ளி, கூட்டத்தோடு சேர்ந்து கட்டுங்கள். பெண்கள் நடுவில் இருக்கட்டும். தோப்புக்குச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை.

யாருக்கு வேண்டாம்?

கர்ப்பிணிகள், முதுகுத் தண்டு, கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், எழுந்தால் தலை சுற்றுகிறவர்கள், ராத்திரி நாலைந்து முறை சிறுநீருக்கு எழும் பெரியவர்கள் இவர்களுக்குத் தூளி சரிப்படாது. சமதரையில், கட்டடத்துக்குள் படுப்பதே நல்லது.

கைக்குழந்தை விஷயத்தில் ஒரு வார்த்தை. தூளியில் குழந்தையின் முகவாய் நெஞ்சில் அழுந்தி மூச்சு திணறக்கூடும். நீண்ட தூக்கத்துக்குச் சமமான கெட்டிப் படுக்கையில் மல்லாத்திப் போடுவதையே இன்றைய குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். தூளியில் போட்டால் பார்வையை விட்டு அகலாதீர்கள். பெரிய பிள்ளைகள் சேலைத் தூளியில் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகி இறந்த செய்திகளை அடிக்கடி படிக்கிறோம். வேலை முடிந்ததும் தூளியை அவிழ்த்துவிடுங்கள். வீட்டிலும் அப்படியே!

தரையில்தான் படுக்க வேண்டும் என்றால்?

பரவாயில்லை. கொசுவலையைக் கட்டி, நான்கு ஓரத்தையும் பாய்க்கு அடியில் இறுக்கமாகச் செருகிவிடுங்கள். கொசுவுக்கு மட்டுமல்ல, கட்டுவிரியனுக்கும் அது வேலிதான். சாப்பாட்டு மிச்சத்தைப் பக்கத்தில் கொட்டாதீர்கள். அதற்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். வைக்கோல் போர், விறகுக் குவியல், செங்கல் அடுக்கு பக்கம் படுக்காதீர்கள். டார்ச் இல்லாமல் காலைக் கீழே வைக்காதீர்கள். செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள்.

படுக்குமுன் பாதத்தை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, கெண்டைக்காலில் பிண்டத் தைலமோ நல்லெண்ணெயோ தடவி மெதுவாக மேல்நோக்கி நீவிவிடுங்கள். கொப்புளம் உடைந்த இடத்திலும், சர்க்கரை நோயாளிகளின் புண்ணிலும் தைலம் தடவ வேண்டாம்.

ஒரு சித்த மருத்துவனாகச் சொல்கிறேன்...

பாம்பு கடித்ததா என்று பார்க்கச் சிறியாநங்கை இலையையோ வேப்பிலையையோ மெல்லச் சொல்கிற பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. கசந்தால் விஷமில்லை, கசக்காவிட்டால் விஷம் என்பார்கள். அந்த இலைகளின் அருமை எனக்குத் தெரியும். தினமும் மருந்தாகக் கொடுக்கிறேன். ஆனால் இந்தச் சோதனையை நம்பி அரைமணி நேரம் போனால் அது உயிர் போகிற அரைமணி. எந்தக் கஷாயமும் கட்டுவிரியன் விஷத்தை முறிக்காது. அதற்கு மருந்து விஷமுறிவு ஊசி ஒன்றுதான். அந்த ஊசிக்கான விஷத்தை எடுத்துத் தருவதே நம் மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான். அரசு மருத்துவமனைகளில் ஊசி இலவசம்.

தரையில் படுத்து எழுந்தவருக்கு விடியற்காலையில் காரணமில்லாத வயிற்று வலி, வாந்தி, இமை இறக்கம், பேச்சுக் குழறல் இவற்றில் எது இருந்தாலும் கடித்த தடத்தைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிறு போட்டு இறுக்கக் கூடாது, நடக்க விடக் கூடாது. சாப்பிட, குடிக்க எதுவும் கொடுக்காமல் இடப்பக்கமாகப் படுக்க வைத்துக் கொண்டுபோங்கள்.

கடைசியாக ஒன்று. ஹேமக் வாங்கினால் நேராக யாத்திரையில் போய்க் கட்டிப் பழகாதீர்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் உங்கள் கொல்லை வேப்பமரத்தில் கட்டி, ஒரு ராத்திரி முழுக்கப் படுத்துப் பாருங்கள். முதுகு ஏற்றுக்கொள்கிறதா, எத்தனை போர்வை வேண்டும், இறங்கும்போது தடுமாறுகிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். சரிப்பட்டால் பையில் வையுங்கள். சரிப்படாவிட்டால் கொசுவலையை வையுங்கள். இரண்டில் ஒன்று இல்லாமல் மட்டும் கிளம்பாதீர்கள்!